பாக்கெட்டில் போட்டிருக்கும் எமல்சிஃபையர் 322, 471 என்ன? சைவமா?

எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. எமல்சிஃபையர் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடித்துக்கொள்வதால் இரண்டும் பிரியாமல் நிற்கின்றன. மயோனைஸில் முட்டை மஞ்சள் கரு செய்வதும் இதே வேலைதான். அந்தக் கருவிலுள்ள லெசித்தின்தான் 322. ஆனால் சாக்லேட்டில் சேர்ப்பது பெரும்பாலும் சோயா லெசித்தின், அதனால் சோயா ஒவ்வாமை இருப்பவர்கள் கட்டாயம் உறையைப் படியுங்கள். கூடவே வரும் 476, ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்வது. உருகிய சாக்லேட் அச்சில் எளிதாக ஓட உதவும், விலை அதிகமான கோகோ வெண்ணெயும் குறைவாகப் போதும்.

சரி, சைவமா? சிக்கல் 471-இல்தான். மோனோ, டைகிளிசரைடு எனப்படும் கொழுப்பு வகை எமல்சிஃபையர் அது. ஐஸ்கிரீம், பிரெட் இரண்டிலும் வரும். தாவர எண்ணெயிலிருந்தும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் செய்யலாம். 471 என்ற நம்பரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தியாவில் விற்கும் பாக்கெட் என்றால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.