அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் இரத்த நோயின் அறிகுறியா?

கணுக்காலைச் சுற்றி ஊசிமுனையளவு சிவப்புப் புள்ளிகளும், அடிபட்ட நினைவே இல்லாத நீலத் திட்டுகளும் தோன்றியிருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். கண்ணாடித் தம்ளர் ஒன்றைப் புள்ளிகளின்மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மங்காமல் அப்படியே நின்றால், தோலுக்கடியில் இரத்தம் கசிந்திருக்க வாய்ப்புண்டு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (platelets) குறைந்தால் இப்படிக் கசியலாம்; அவை ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1.5 முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. டெங்கு முதல் இரத்தப் புற்றுநோய் வரை பல காரணங்களால் அவை குறையக்கூடும் என்பதால், புள்ளிகளை மட்டும் பார்த்து நோயைத் தீர்மானிக்க இயலாது. தாமதிக்காமல் மருத்துவரைக் கண்டு இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பரிசோதியுங்கள். பப்பாளி இலைச் சாற்றைக் குடித்துக்கொண்டு காத்திருப்பது சரியல்ல என்பதே என் கருத்து. அதுவரை வலிக்கென்று ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளை நீங்களாகவே விழுங்க வேண்டாம். காய்ச்சல், கடும் தலைவலி, கருநிற மலம், 15 நிமிடம் மூக்கைப் பிடித்தும் நிற்காத இரத்தம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும், விடியும்வரை பொறுக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.