பிளகினை ஊருக்குக் கொடுத்தால் சாவி யாரிடம்? கேள்வி பதில்

போன சனிக்கிழமை கிண்டியில் நடந்த கட்டற்ற மென்பொருள் சந்திப்பில், நாம் எழுதும் பிளகின்களை (ஒரு மென்பொருளோடு சேர்ந்து ஓடும் சின்ன நிரல்கள், நீட்சி என்றும் சொல்வோம்) ஒருவர் கணக்கில் வைக்காமல் ஒரு குழுவின் பொதுக் கணக்கில் வைத்துப் பராமரிப்பது பற்றிப் பேசினேன். நேரம் போதாததால் பலர் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் போனார்கள். அவர்களுக்கான பதில் இது.

அக்கா, என் பிளகின் ஏற்கெனவே கிட்ஹப்பில் (நிரல்களை வைத்துப் பகிரும் தளம்) எல்லோரும் பார்க்கும்படிதான் இருக்கிறது. அப்புறம் எதற்குக் குழுக் கணக்கு? (கல்லூரி மாணவர், பல்லாவரம்)

பார்க்க முடிவது வேறு தம்பி, வெளியிட முடிவது வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்தில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். லேப்டாப் போயிற்று. வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ என்ற பைதான் மென்பொருளில் தமிழ் மாதங்களைக் காட்ட நான் எழுதியிருந்த சின்ன நீட்சியின் நிரலில் ஒரு வரிகூடப் போகவில்லை, எல்லாம் இணையத்தில் இருந்தது. ஆனால் அதைப் பைபிஐயில் (பைதான் தொகுப்புகளை எல்லோரும் இறக்கிக்கொள்ளும் பொதுக் கிடங்கு) வெளியிடும் கடவுச்சொல் அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அதை மீட்கக் கொடுத்திருந்த மின்னஞ்சலோ நான் விட்டு வந்த பழைய அலுவலகத்துடையது. ஆடி மாதத்தை ஆனி என்று காட்டிய பிழையைத் திருத்தி வைத்துக்கொண்டு, வெளியிட வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வேறு பெயரில் போட்டேன். பழையதை நிறுவியிருந்தவர்களுக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவே இல்லை. இன்னொருவர் கையிலும் சாவி இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

குழுவுக்குக் கொடுத்துவிட்டால் அது என்னுடையது இல்லையா? (பெருங்குடி)

நீங்கள் எழுதியதன் பதிப்புரிமை உங்களுடையதுதான். எழுதிக் கொடுத்தால் ஒழிய அது கை மாறாது. கிட்ஹப்பில் களஞ்சியத்தை, அதாவது உங்கள் நிரல் இருக்கும் இடத்தை, குழுக் கணக்குக்கு மாற்றினால் பழைய முகவரிக்கு வருபவர்களும் புது இடத்துக்குத்தான் போவார்கள். ஆனால் அலுவலக நேரத்தில் எழுதியதா என்று முதலில் பாருங்கள். வேலை ஒப்பந்தத்தைப் படிக்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்றால் ஆபத்து இல்லையா மேடம்? (அம்பத்தூர்)

நியாயமான பயம். 2018-இல் என்பிஎம்மில் (பைபிஐ போல ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான கிடங்கு) ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற தொகுப்பை, பராமரிக்க நேரமில்லாத அதன் ஆசிரியர், உதவுகிறேன் என்று வந்த முகம் தெரியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் ஒரு பிட்காயின் பணப்பையில் திருடுவதற்கான நிரலை உள்ளே நுழைத்துவிட்டார். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் கள்ள வழி வைத்ததாக 2024-இல் வெளிப்பட்ட விஷயத்திலும் சோர்ந்துபோன ஒற்றைப் பராமரிப்பாளரிடம்தான் நல்லவர்போல் வந்து ஒட்டிக்கொண்டார்கள். இரண்டிலும் குழு இல்லை. களைத்துப்போன ஒரு மனிதரும் அவருக்குக் கை கொடுக்க வந்த ஒரு புதியவரும் மட்டுமே.

அதனால் இரண்டு உரிமைகளையும் பிரித்து வையுங்கள். நிரலைத் திருத்தி அனுப்பும் உரிமையைத் தாராளமாகக் கொடுக்கலாம். வெளியிடும் உரிமை, பல மாதம் கூட வேலை செய்த இரண்டு மூன்று பேரிடம் மட்டும் இருக்கட்டும். 2015-இல் தொடங்கிய ஜாஸ்பேண்ட் என்ற பைதான் குழு அப்படித்தான் செய்தது. உறுப்பினர் யாரும் நிரலைத் தொட முடிந்தது, ஆனால் வெளியீட்டுக்கு அந்தந்தத் திட்டத்தின் பொறுப்பாளர் ஒப்புதல் வேண்டியிருந்தது. அங்கும் நிர்வாக வேலை வெகுகாலம் ஒருவர் தோளிலேயே இருந்தது எனக்கு வருத்தம்தான்.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. நான் என்ன செய்யலாம்? (நூலகர், மயிலாப்பூர்)

உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம் அம்மா! விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் நீட்சிகளை விக்கிமீடியாவின் பொதுக் களஞ்சியத்தில் வைத்தால், டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் பல மொழிக்காரர்கள் அவற்றின் சொற்களை மொழிபெயர்க்கலாம். அந்த மொழிபெயர்ப்பு தானாகவே களஞ்சியத்துக்குத் திரும்பி வந்துவிடும். மொழிபெயர்க்கும் வரியில் '$1' என்ற இடத்தில் எண்ணோ பெயரோ வந்து உட்காரும். '$1 of $2' என்ற ஆங்கில வரிசையில் முதலில் இந்தப் பக்கத்தின் எண், பிறகு மொத்தப் பக்கங்கள். தமிழில் '$2 பக்கங்களில் $1' என்று திருப்பிப் போட்டால்தான் படிக்க வரும். '$1ஐ நீக்கு' என்று எழுதினால் 'குமார்ஐ' என்று திரையில் வந்து நிற்கும். அங்கே 'நீக்க வேண்டியது: $1' என்று மாற்றி எழுதத் தமிழ் தெரிந்தவர் கண் வேண்டும்.

நாமே ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாமா? (தாம்பரம்)

வைக்கலாம், கிட்ஹப் போன்ற தளத்தை நாமே நடத்த ஃபோர்ஜெயோ (Forgejo) போன்ற கட்டற்ற மென்பொருளே இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யார் எழுந்து பார்ப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பெரிய இடம் என்றாலும் நிரந்தரம் இல்லை, நிரல்களை வைக்கும் கூகுள் கோட் (Google Code) தளத்தையே 2016-இல் மூடினார்கள். கிட் (Git) என்ற, நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியில் நிரலின் வரலாறு ஒவ்வொருவர் பிரதியிலும் இருக்கும். பிழைப் புகார்களும் அதன் கீழ் நடந்த பேச்சும் இருக்காது, அவற்றைத் தனியே பிரதி எடுங்கள்.

நாங்கள் பயன்படுத்தும் ஒரு பைதான் பிளகினை மூன்று வருடமாக யாரும் தொடவில்லை. எடுத்துக்கொள்ளலாமா? (திருவான்மியூர்)

முதலில் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்கள் பிளகின் எங்கள் வேலையை இத்தனை நாள் நடத்தியது என்று நன்றியில் தொடங்குங்கள். 'ஏன் கவனிக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அவர் வீட்டில் என்ன நிலைமையோ. பதிலே வராவிட்டால் பைபிஐக்கு பெப் 541 என்ற விதி இருக்கிறது. உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாமல், 12 மாதங்களாக வெளியீடும் இல்லாமல், வேறு நடமாட்டமும் இல்லை என்றால் அது கைவிடப்பட்டதாகக் கருதப்படும். அப்போது அந்தப் பெயரைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆறு வாரத்தில் மூன்று முறை அவர்களும் உரிமையாளரைத் தேடிப் பார்ப்பார்கள். அதுவரை நிரலைத் தனிப் பிரதியாகக் கிளை பிரித்து உங்கள் திருத்தங்களைச் செய்யுங்கள். பெயர் கைக்கு வந்த அன்றே இன்னொருவரையும் உரிமையாளராகச் சேர்த்துவிடுங்கள், அலுவலக மின்னஞ்சலில் வேண்டாம்.