ஆபரேஷனுக்கு முன் ஒரு கல்யாணம்

அன்புள்ள ஆச்சிக்கு,

எனக்கு 43 வயது, ஊர் தேவகோட்டை. எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். பல வருடமாகச் சர்க்கரை. இரவில் மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். மதுரையில் டாக்டர் ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையைச் சுருக்குவது, செய்யலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார். அதிலிருந்து பத்தாம் நாள் என் நாத்தனார் மகள் கல்யாணம். மாமியார், "வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை அறுக்கணுமா?" என்கிறார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். மனநல டாக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், நான் என்ன பைத்தியமா? அப்புறம் எதையும் சாப்பிட முடியாதே என்று இப்போதே ஆசை தீரச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். முடி கொட்டும் என்கிறார்களே? மனதையும் உடம்பையும் எப்படித் தயார்செய்வது, யாரிடமெல்லாம் சொல்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

நான் டாக்டர் இல்லை. என் சித்தப்பா மகள் இதே ஆபரேஷன் செய்துகொண்டவள், அவளோடு கூட இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் தேதியை மாற்றுங்கள். பத்தாம் நாள் நீங்கள் மோரும் வடிகட்டிய சூப்பும் மட்டும் குடிக்கும் கட்டத்தில் இருப்பீர்கள். தாய்மாமன் வீட்டுக்காரி கல்யாண வீட்டில் சாப்பிடாமல் நின்றால் விடுவார்களா? இது அவசர ஆபரேஷன் இல்லை, ஒரு மாதம் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நம் பக்கம் விசேஷமே இல்லாத மாதம் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது என்பதும் உண்மை. மார்கழியில் கல்யாணம் இருக்காது. பிள்ளையார் நோன்பு ஒன்றுதான், அன்றைக்கு நூல் திரியை ஏற்றி விழுங்கும் இழை மாவு வேண்டாம் என்று சொன்னால் பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆசை தீரச் சாப்பிடுவது பற்றி. இதை நிறையப் பேர் செய்கிறார்கள், ஆனால் இதுதான் ஆபரேஷனையே கெடுக்கும். நம் கல்லீரலின் இடது பாகம் இரைப்பையின் மேல் படிந்திருக்கிறது. உங்கள் எடையில் அதில் பெரும்பாலும் கொழுப்பு ஏறி வீங்கியிருக்கும். சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டுச் செய்யும்போது, அதைத் தூக்கிப் பிடித்தால்தான் டாக்டருக்கு இரைப்பை தெரியும். பெரிதாக இருந்தால் வேலை கஷ்டம், சில சமயம் பாதியில் நிறுத்த வேண்டியும் வரும். அதனால்தான் பெரும்பாலான இடங்களில் இரண்டு வாரம் முன்பிருந்தே மாவுச்சத்தைக் குறைத்து, புரதத்தைக் கூட்டிச் சாப்பிடச் சொல்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் கல்லீரல் நன்றாகவே சுருங்கும். கும்மாயத்தில் உளுந்து இருக்கிறதே என்று வாதாடாதீர்கள், கருப்பட்டியும் நெய்யும் அதில்தான் இருக்கின்றன. இன்னொன்று, சாப்பாடு குறையும்போது பழைய அளவிலேயே சர்க்கரை மாத்திரை போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கள் தங்கச்சிக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது பசி இல்லை. தண்ணீர் குடிப்பதுதான்! பிறந்ததிலிருந்து செம்பை அண்ணாந்து கடகடவென்று குடித்துப் பழகியவள். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்த பிறகு அப்படிக் குடித்தால் காற்றும் தண்ணீரும் சேர்ந்து போய் நெஞ்சை அடைக்கும். ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றும் குட்டிக் கப்பில் கொடுத்தார்கள். அதை உதட்டில் வைத்து, ஒரு மிடறு, நிறுத்தம், இன்னொரு மிடறு என்று ஒரு கப்புக்குக் கால் மணி நேரம் ஆக்கினாள். இதை இன்றைக்கே பழகுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். அதே மாதிரி மெல்வது. நாம் பந்தியில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதற்குள் இலையை மூடிவிடும் வேகம் நம்மிடம் இருக்கிறது. டீ ஸ்பூனால் சாப்பிடுங்கள், ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மனநல டாக்டர் உங்களைப் பைத்தியம் என்று சொல்லப் போவதில்லை. நீங்கள் எப்போது, எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பார். பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பகுதி சுரப்பது வெட்டி எடுக்கும் பாகத்தில்தான், அதனால் ஆரம்பத்தில் பசி நன்றாகக் குறையும். ஆனால் மதியம் மூன்று மணிக்கு, மாமியார் தூங்க, அத்தனை பெரிய வீட்டில் தனியாக இரண்டாம் கட்டுக்குப் போய்த் தேன்குழல் டின்னைத் திறப்பது பசியால் இல்லையே. (உங்கள் கடிதத்தில் இது இல்லை, நான் ஊகிக்கிறேன். தப்பென்றால் விட்டுவிடுங்கள்.) அந்த மூன்று மணிக்கு வேறு என்ன செய்வீர்கள் என்று இப்போதே முடிவு செய்யாவிட்டால், சின்ன வயிற்றுக்குள்ளும் இனிப்பு வழுக்கிக்கொண்டு போய்விடும். எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். ராத்திரி எழுந்து ஒளிந்து சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் நல்ல பிள்ளையாக நடித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மாமியாருக்குப் பதில்: உங்கள் கணக்குப்படி பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 47-ஐத் தாண்டுகிறது. ஆசியர்களுக்கு 27.5-ஐத் தாண்டினாலே இந்த ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்று 2022-இல் சர்வதேசச் சங்கங்களின் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. இந்த அளவுக்கு ஏறிய உடம்பு, எடை குறையக் குறையப் பசியைக் கூட்டிப் பழைய இடத்துக்கே இழுக்கும். வாயைக் கட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால் அவரிடம் வாதம் வேண்டாம். அடுத்த முறை மதுரைக்கு அவரையும் கூட்டிப்போய் டாக்டர் முன்னால் உட்கார வையுங்கள். அடுப்படி அவர் கையில் இருக்கிறது என்றால், ஊருக்கே சொல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வீட்டுக்காரரிடம் "உன் இஷ்டம்" போதாது, ஆபரேஷன் வாரத்துக்கு லீவு கேளுங்கள். மற்றவர்களுக்கு "வயிற்றில் ஒரு ஆபரேஷன்" போதும், அது பொய்யும் இல்லை.

மூச்சு அடைப்புக்குத் தூக்கப் பரிசோதனை செய்தார்களா? கட்டாயம் கேளுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது முக்கியம். தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் இருக்க மெஷின் கொடுத்தால் ஆபரேஷனுக்கு முன்பிருந்தே போட்டுத் தூங்கிப் பழகுங்கள், ஆஸ்பத்திரிக்கும் எடுத்துப் போங்கள். நடையைத் தினம் கொஞ்சம் கூட்டுங்கள். பழனிக்குக் காவடியோடு நடக்கிற ஊர்க்காரர்கள் நாம், ஊருணியை ஒரு சுற்றுச் சுற்ற முடியாதா?

முடி கொட்டும், பெரும்பாலும் மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை. திடீரென்று எடை இறங்குவதால் வருவது, பொதுவாகத் திரும்ப முளைத்துவிடும். நாளைக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும், இரும்பு, பி12 அளவை இப்போதே பார்த்துக் குறை இருந்தால் சரிசெய்துகொள்ளுங்கள். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. தங்கச்சிக்குக் கைப்பிடி கைப்பிடியாகக் கொட்டியது, அப்புறம் வந்தது. முன்னைவிடக் கொஞ்சம் சுருட்டையாக.