கழிந்த பணம் எங்கே நிற்கிறது? சர்வர்களுக்கிடையே பணப் பரிமாற்றம்: கேள்வி பதில்

பல சர்வர்களில் பிரிந்து கிடக்கும் கணக்குகளுக்கிடையே பணம் நகர்த்துவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மேடம், ஒரே டேட்டாபேஸ் என்றால், முழுதாக நடக்கும் இல்லையேல் எதுவுமே நடக்காது என்னும் ஒரே டிரான்சாக்‌ஷனில் கழித்து, கூட்டி, கமிட் செய்து நிரந்தரமாகப் பதிந்துவிடுகிறோம். இரண்டு சர்வர் என்றால் மட்டும் என்ன சிக்கல்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

ஒரு சர்வர் கமிட் செய்த பிறகு மற்றது விழுந்துவிடலாம். அதைவிட மோசம், அது விழுந்ததா, வேலையை முடித்துவிட்டு அனுப்பிய பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. வெற்றி, தோல்வி என இரண்டு நிலைகளை மட்டும் வைத்து எழுதிய புரோகிராம் என்றாவது ஒருநாள் பணத்தைத் தொலைக்கும், இல்லையென்றால் இருமுறை கொடுக்கும். 'தெரியாது' என்பதையும் ஒரு நிலையாக முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள். தங்களுக்குள் அடிக்கடி பணம் அனுப்பிக்கொள்ளும் கணக்குகளை ஒரே ஷார்டில் (சர்வர்களிடையே பிரித்த தரவின் ஒரு பகுதியில்) வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள். வேகத்துக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: அதற்குத்தானே டூ ஃபேஸ் கமிட் இருக்கிறது? (பேக்எண்ட் பொறியாளர், கோவை)

இருக்கிறது. டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் ஜிம் கிரே 1978இல் எழுதிய குறிப்புகளிலேயே விளக்கியிருக்கிறார். 'தயாரா?' என்று எல்லோரையும் கேட்டு, எல்லோரும் 'தயார்' என்றால் 'கமிட்' என்று சொல்வது. 'தயார்' சொன்ன சர்வர் அந்தக் கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்டவர் அந்த நேரம் பார்த்து விழுந்துவிட்டால் பூட்டு அப்படியே நிற்கும்.

ஒரே நிறுவனத்துக்குள் இதற்கு மருந்து உண்டு. ஸ்பேனர் என்ற தன் டேட்டாபேஸ் பற்றிக் கூகுள் 2012இல் வெளியிட்ட கட்டுரையைப் பாருங்கள்: கேட்பவரையும் பதில் சொல்பவர்களையும் பாக்ஸோஸ் (பல சர்வர்கள் ஒரே முடிவுக்கு உடன்படும் முறை) மூலம் பல பிரதிகளாக வைத்துவிட்டு, அதன்மேல் டூ ஃபேஸ் கமிட் ஓட்டுகிறார்கள். ஆனால் இரண்டு வங்கிகளுக்கிடையே இது எடுபடாது. தன் வாடிக்கையாளரின் கணக்கை இன்னொரு வங்கி பூட்டி வைக்க எந்த வங்கி சம்மதிக்கும்?

கேள்வி: அப்படியானால் முதலில் கழிப்பதா, கூட்டுவதா? (அதே பொறியாளர்)

முதலில் கழியுங்கள். முதலில் கூட்டினால் பெற்றவர் அதை எடுத்துச் செலவழித்துவிடுவார். பிறகு அனுப்பியவரிடம் மீதி இல்லை என்று தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

கழித்த தொகையைக் காற்றில் விடக்கூடாது. அனுப்புபவரின் கணக்கு இருக்கும் அதே சர்வரில் ஒரு அனாமத்துக் கணக்கு (முடிவு தெரியும்வரை பணத்தை நிறுத்தி வைக்கும் கணக்கு) வையுங்கள். வாடிக்கையாளருக்குப் பற்று, அனாமத்துக்கு வரவு, இரண்டும் ஒரே உள்ளூர் டிரான்சாக்‌ஷனில். 'அங்கே இவ்வளவு சேர்க்கவும்' என்ற செய்தியையும் அதே டிரான்சாக்‌ஷனில் ஒரு டேபிளில் எழுதிவிடுங்கள். தனியாக ஒரு புரோகிராம் அதைப் படித்து அனுப்பட்டும். எந்த நொடியில் மின்சாரம் போனாலும் பற்றும் வரவும் சமமாகவே இருக்கும், பணம் எங்கே நிற்கிறது என்று காட்டவும் முடியும். எதிர்ப்பக்கம் 'சேர்த்துவிட்டேன்' என்றால் அனாமத்தில் நிற்கும் அந்தத் தொகையைத் தீர்த்துவிடுங்கள். 'அப்படிக் கணக்கே இல்லை' என்றால் அனாமத்திலிருந்து திருப்பிக் கொடுங்கள். ஆராய்ச்சியாளர்கள் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987இல் 'சாகா' என்று பெயரிட்ட முறை இதுதான்: பெரிய வேலையைச் சின்னச் சின்னக் கமிட்டுகளாக உடைப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈடுசெய்யும் வேலையை முன்பே எழுதி வைப்பது.

கேள்வி: டைம்அவுட் ஆனால், அதாவது நேரத்துக்குள் பதில் வராவிட்டால், திரும்ப அனுப்பலாமா? இருமுறை வரவாகிவிடாதா? (ஃபின்டெக் ஊழியர், சென்னை)

அனுப்பலாம், அனுப்பித்தான் ஆக வேண்டும். முதல் முயற்சிக்கு முன்பே அந்தப் பரிமாற்றத்துக்கு ஒரு தனி எண் கொடுத்து எழுதி வைத்துவிடுங்கள். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண். பெறும் சர்வர் அந்த எண்ணை, மீதியை மாற்றும் அதே டிரான்சாக்‌ஷனில், யூனிக் கட்டுப்பாட்டோடு (ஒரே எண் இருமுறை பதியாதபடி) சேமிக்க வேண்டும். மறுபடி வந்தால் முன்பு சொன்ன பதிலையே சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் தனியாக ஒரு கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்), சில மணி நேரத்தில் அழியும்படி வைப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கேஷ் அழிந்த பிறகு வரும் மறுமுயற்சி புதிய பணமாகிவிடும். அதே எண்ணில் வேறு தொகை வந்தால் மறுத்துவிடுங்கள், அது நிச்சயம் எங்கோ இருக்கும் பிழை.

பலரும் விட்டுவிடுவது இன்னொன்று. ரத்து செய்யும் செய்தி, மூலச் செய்தியை முந்திக்கொண்டு வந்துவிடலாம். 'அப்படி ஒரு எண்ணே இல்லையே' என்று அதைத் தூக்கிப் போட்டால், பின்னால் தாமதமாக வரும் வரவு உள்ளே நுழைந்துவிடும். பார்த்திராத எண்ணையும் 'ரத்தானது' என்று எழுதி வையுங்கள். அப்போதுதான் அந்த வரவு வாசலிலேயே நிற்கும்.

கேள்வி: நான் பொறியாளர் இல்லை. யுபிஐயில் பணம் போய்விட்டது, எதிராளிக்குச் சேரவில்லை. உடனே ஏன் திருப்பித் தருவதில்லை? (மதுரை வாசகர்)

பெறும் வங்கி பதில் சொல்லாதபோது, அது பணத்தைச் சேர்த்திருக்கவும் வாய்ப்புண்டு. அவசரப்பட்டுத் திருப்பினால் ஒரே பணம் இரண்டு பேரிடம் இருக்கும். அதனால் இரு பக்கப் பதிவுகளையும் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்கிறார்கள். இதற்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் கெடு விதித்தது. தனிநபருக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியதன் உறுதி கடைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நீங்கள் புகார் கொடுக்கக் காத்திராமல். அதுவரை பரிமாற்ற எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி: அ கணக்கிலிருந்து ஆவுக்கும், ஆவிலிருந்து அவுக்கும் ஒரே சமயம் அனுப்பினால், இரண்டும் மற்றதன் பூட்டுக்காகக் காத்து நின்றுவிடும் டெட்லாக் வருகிறதே?

யார் அனுப்புகிறார் என்று பார்க்காமல், சிறிய கணக்கு எண்ணை முதலில் பூட்டுங்கள். தீர்ந்தது.

கேள்வி: ஒரு பெரிய வணிகரின் கணக்கில் எல்லோரும் வந்து மோதுகிறார்கள். (டேட்டாபேஸ் நிர்வாகி, பெங்களூரு)

வரவுகளை எந்த வரிசையில் கூட்டினாலும் விடை ஒன்றே. ஆகவே கணக்கின் மீதி இருக்கும் பதிவைத் தொடாமல், ஒவ்வொரு வரவையும் தனிப் பதிவாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், அவ்வப்போது கூட்டிக்கொள்ளலாம். பற்றுக்குத்தான் மீதியைப் பார்க்க வேண்டும், அதற்கு மட்டும் பூட்டுங்கள். கணக்குக்கு ஒரே உரிமையாளர் என்றால், எல்லாப் பரிமாற்றங்களுக்கும் பொதுவான ஒரே வரிசையைச் சர்வர்கள் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்று கணினி ஆராய்ச்சியாளர் ரஷீத் கெர்ராவியும் உடன் பணியாற்றியவர்களும் 2019இல் நிறுவியிருக்கிறார்கள்.

கேள்வி: தொகைக்கு ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கும் தசம எண்) போதுமா?

கூடாது. பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்.

கேள்வி: ஓட்டத்தை நிறுத்தாமல் மொத்தப் பணம் சரியா என்று எப்படிப் பார்ப்பது? (ஆராய்ச்சி மாணவர், திருச்சி)

கணினி ஆராய்ச்சியாளர்கள் சாண்டி, லாம்போர்ட் 1985இல் தந்த ஸ்னாப்ஷாட் முறையைப் படியுங்கள். மணி சாண்டி சென்னை ஐஐடியில் படித்தவர். ஒவ்வொரு சர்வரும் தன் மீதியைக் குறித்துக்கொண்டு, எல்லா வழியிலும் ஒரு அடையாளச் செய்தியை அனுப்பும். பிறரிடமிருந்து அடையாளம் வந்து சேரும்வரை அந்த வழியில் வரும் பணத்தை, 'பயணத்தில் இருந்தது' என்று எழுதிக்கொள்ளும். செய்திகள் அனுப்பிய வரிசையிலேயே சேர்ந்தால், மீதிகளையும் பயணத்தில் இருந்ததையும் கூட்டினால் மொத்தம் சரியாக வரும்.

அன்றாட வேலைக்கு, அனாமத்துக் கணக்கின் மீதி தீராத பரிமாற்றங்களின் கூட்டுத்தொகைக்குச் சமமா என்று பாருங்கள். மீதி பெரிதாக இருப்பதில் தவறில்லை, வேலை நிறைய நடக்கிறது என்று பொருள். அதில் கிடக்கும் மிகப் பழைய தொகை எத்தனை நிமிடமாகக் கிடக்கிறது என்பதற்கு ஒரு எச்சரிக்கை மணி வையுங்கள். அதுதான் முதலில் அடிக்கும்.