கூர் போன கண்ணாடி: தோட்டத்தில் எங்கே போடலாம், எங்கே கூடாது?

பழைய பாட்டில், உடைந்த ஜன்னல் கண்ணாடி இவற்றை மணலும் தண்ணீரும் சேர்த்து உருட்டி, விளிம்பை மழுக்கி, கூழாங்கல்லுக்குப் பதிலாகத் தோட்டத்தில் பரப்புவது இப்போது பரவி வருகிறது. இது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு எங்கள் தோட்டக்கலைக் குழுவின் பதில்கள்.

நர்சரியில் கிலோ கணக்கில் நீலக் கண்ணாடிக் கல் வாங்கிப் போட்டோம். ஒரே கோடையில் வெளுத்துவிட்டது. கண்ணாடி வெளுக்குமா?
வாசகி, சேலம்

கண்ணாடி வெளுக்காது. நீங்கள் வாங்கியது மேலே சாயம் பூசிய கண்ணாடி. உண்மையான நிறக் கண்ணாடியில் நிறம் உருக்கும்போதே உள்ளே சேர்ந்துவிடுகிறது: நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குக் குரோமியமும் இரும்பும், பீர் பாட்டிலின் பழுப்புக்கு இரும்பும் கந்தகமும். இவற்றை வெயில் ஒன்றும் செய்யாது. பூச்சு நிறத்தை வெயிலும் மழையும் சேர்ந்து உரித்துவிடும்.

வாங்கும்முன் கடையிலேயே ஒரு கல்லை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைந்த முகம் உள்வரை ஒரே நிறமாக இருந்தால் வாங்கலாம். உள்ளே வெள்ளையாக, ஓரத்தில் மட்டும் நிறக்கோடு தெரிந்தால் வேண்டாம். உடைக்க விடவில்லை என்றால் நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பூச்சாக இருந்தால் பெரும்பாலும் பஞ்சில் ஒட்டும். கோபால்ட் நீலப் பாட்டில் அரிது என்பதால், மலிவாகக் கிடைக்கும் அடர்நீலம் எதையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

பழைய பாட்டில்களை வைத்து வீட்டிலேயே செய்ய முடியுமா? என்னிடம் சிறிய கான்கிரீட் மிக்ஸர் இருக்கிறது.
வாசகர், கோவை

முடியும். ஆனால் எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டில், ஜாடி, சாதாரண ஜன்னல் கண்ணாடி ஆகியவை நல்லவை. கார் பக்கவாட்டுக் கண்ணாடியும் குளியலறைக் கதவுக் கண்ணாடியும் பெரும்பாலும் டஃபன்ட் (சூடாக்கி வலுவேற்றிய) வகை. உடைந்தால் சிறு கட்டிகளாகவே உதிர்வதால் சீக்கிரம் மழுங்கும். கார் முன்கண்ணாடியில் நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், அதை வீட்டில் பிரிக்க முடியாது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சு உரிந்து மண்ணில் சேரும். பழைய பெட்டி டிவியின் படக்குழாயில் ஈயம் உண்டு, டியூப் லைட்டில் பாதரசம் உண்டு. இந்த இரண்டையும் வீட்டில் உடைக்கவே கூடாது.

பாட்டில்களை ஒரு வாளி வெந்நீரில் இரண்டு மூன்று கரண்டி சலவைச் சோடா போட்டு ஓர் இரவு ஊற வையுங்கள். லேபிளும் பசையும் வழன்று வந்துவிடும். கழுத்தில் இருக்கும் அலுமினிய வளையத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். பிறகு தடித்த சாக்குப் பையில் நாலைந்து பாட்டிலாகப் போட்டு, வாயைக் கட்டி, சுத்தியலால் உடையுங்கள். கண்ணுக்கு மூடிய கண்ணாடி, கைக்குத் தோல் கையுறை, காலுக்கு ஷூ, மூக்குக்கு என்-95 மாஸ்க் வேண்டும். 1 முதல் 3 செ.மீ. அளவு வரும்வரை உடைத்தால் போதும். இன்னும் பெரிதாக விட்டால் மிக்ஸரின் உள்தகடுகளில் மோதி உடைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு உடைப்பும் புது விளிம்பைக் கொடுக்கும் என்பதால் வேலை முடியவே முடியாது. உடைத்ததை மணல் சல்லடையில் சலித்து, கீழே விழும் பொடியையும் ஊசிச் சில்லுகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

டிரம்மில் பாதி அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். மூன்று சட்டி கண்ணாடிக்கு ஒரு சட்டி எம்-சாண்ட் போதும். உடைத்த கருங்கல்லிலிருந்து வரும் எம்-சாண்டின் குருணைக்குக் கூர் இருப்பதால், உருண்ட ஆற்று மணலைவிட நன்றாக அரைக்கும். தண்ணீர் கண்ணாடியை மூடி நின்றால் போதும். அதிகமானால் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் தூக்கி எறியப்பட்டு விளிம்பு பெயரும். குறைந்தால் சேறு கெட்டியாகி எல்லாம் டிரம்மோடு ஒட்டிச் சுற்றும், அரைபடாது. டிரம் வாயை ரப்பர் ஷீட்டால் மூடிக் கட்டுங்கள். உலர்ந்த நிலையில் ஒருபோதும் ஓட்டாதீர்கள். மணல் தூசி நுரையீரலுக்கு ஆபத்து.

எவ்வளவு நேரம் என்பது கண்ணாடியையும் மிக்ஸரையும் பொறுத்தது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு பிடி எடுத்துக் கழுவி, பழைய நைலான் சாக்ஸுக்குள் போட்டு வெளியிலிருந்து கையுறையோடு கசக்குங்கள். நூல் இழுபட்டால் கூர் இன்னும் இருக்கிறது. ஓர் இழைகூடச் சிக்காமல், சில்லின் மேல் பால் படர்ந்தது போல மங்கல் வந்திருந்தால் போதும். வெளியூற்றும் குழம்பு மாவாகிவிட்டால் மணல் தேய்ந்துவிட்டது என்று பொருள், புது மணல் போடுங்கள்.

அந்தக் குழம்பைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். அடியில் படிந்து இறுகிக் குழாயை அடைக்கும். வாளியில் ஒரு நாள் விட்டு, தெளிந்த நீரை வடித்து, அடியில் தங்கியதைக் கட்டட இடிபாட்டோடு சேர்த்துவிடுங்கள். கடைசியாக, தண்ணீர் தெளிந்து வரும்வரை கண்ணாடியைக் கழுவுங்கள். பலரும் இந்தக் கழுவலில்தான் அவசரப்படுகிறார்கள். ஒட்டியிருக்கும் பொடி முதல் மழையிலேயே கீழே இறங்கி மண்ணின் மேல் ஏடாகப் படிந்து, நீர் இறங்குவதைத் தடுக்கும்.

4 அடிக்கு 6 அடி பாத்தியில் 2 அங்குலம் போட எத்தனை கிலோ வேண்டும்?
வாசகர், மதுரை

ஒரு சதுர அடிக்கு 1 அங்குல கனத்துக்கு ஏறக்குறைய 3.3 கிலோ. உங்கள் 24 சதுர அடிக்கு 2 அங்குலம் என்றால் 160 கிலோ வரும். அவ்வளவு வேண்டியதில்லை. கீழே 1 அங்குலம் பேபி ஜல்லி (சிறு ஜல்லி), அதன்மேல் நீர் இறங்கவிடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, மேலே 1 அங்குலம் கண்ணாடி என்று போட்டால் 80 கிலோ போதும். நடுவில் துணி இல்லாவிட்டால் சிறு சில்லுகள் நாளடைவில் ஜல்லிக்குள் இறங்கி மறைந்துவிடும். பெரிய பீர் பாட்டில் அரைக் கிலோவுக்கு அருகில் எடை இருக்கும். சலிப்பில் போகும் கழிவையும் சேர்த்தால் 80 கிலோவுக்கு 200 பாட்டில் சேர்க்க வேண்டிவரும்.

மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவிலும் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி, 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடை), ஓரங்கள் 6 அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரியுங்கள். மலிவு என்று பாலிதீன் ஷீட் போட வேண்டாம். நீர் கீழே இறங்காது, வேர் மூச்சு முட்டும். சுற்றிலும் செங்கல் அல்லது கருங்கல் விளிம்பு, கண்ணாடி மட்டத்துக்கு மேல் 1 அங்குலமாவது எழும்பி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழையில் பாதி புல்லுக்குப் போய்விடும். புல்லுக்குள் போன கண்ணாடி, புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கினால் குண்டு போலப் பறக்கும்.

மல்லிகை, ரோஜாத் தொட்டிகளில் மண்ணை மூடிப் பச்சைக் கண்ணாடி போட்டேன். சித்திரையில் கீழ் இலைகள் கருகுகின்றன.
வாசகி, தஞ்சாவூர்

உடனே எடுத்துவிடுங்கள். கண்ணாடி ஒரு கல். தென்னை நார்க் கழிவோ காய்ந்த இலையோ செய்யும் வேலையை அது செய்யாது. ஈரத்தைப் பிடித்து வைக்காது, மக்கி உரமாகாது, சித்திரை வெயிலைக் கீழிருந்து மேலாக இலையின் அடிப்பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும். தொட்டியின் மேல்மண்ணில் பரவும் ரோஜா, மல்லிகையின் மெல்லிய வேர்கள் சூடேறி வாடும். அந்த இடத்தில் ஓர் அங்குலம் தொழு உரம், அதன்மேல் 2 அங்குலம் இலைச் சருகு போடுங்கள்.

உங்கள் கண்ணாடியை வீணாக்க வேண்டாம். கள்ளி, கற்றாழை, அகேவ், அடீனியம், பாம்புக் கற்றாழை இவற்றுக்கு அது பொருத்தமான இடம். வறண்ட மேற்பரப்புதான் அவற்றுக்குப் பிடிக்கும். அடீனியத்தின் பருத்த அடித்தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள். 2 அங்குலம் இடைவெளி விடாவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் தங்கித் தண்டு அழுகும்.

தொட்டியின் அடியில் நீர் வடிய ஜல்லிக்குப் பதில் கண்ணாடி போடலாமா?
வாசகர், திருச்சி

இரண்டுமே வேண்டாம். மேலே உள்ள மண் முழுக்க நனைந்து நிரம்பும்வரை நீர் அடியிலுள்ள பெரிய இடைவெளிகளுக்குள் இறங்காது. அதனால் ஈரம் நிற்கும் மட்டம் வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது. துளையின் மேல் ஒரு துண்டு வலை போதும். தொட்டித் தட்டில் அழகுக்குக் கண்ணாடி போடுகிறவர்களும் கவனியுங்கள்: சில்லுகளுக்கு இடையில் நிற்கும் நீரே டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். வாரம் ஒருமுறை தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வெள்ளைச் சிமெண்ட்டில் உருட்டிய கண்ணாடி கலந்து நடைபாதைக் கல் வார்த்தோம். எட்டு மாதத்தில் மேலெல்லாம் வலை போல் விரிசல். கலவை விகிதம் தவறா?
வாசகர், சென்னை

விகிதத்தில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. விரிசலோரத்தில், முக்கியமாகக் கண்ணாடியைச் சுற்றி, வெள்ளையாகப் பிசின் போல ஏதாவது காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சிமெண்ட்டின் காரமும் (அல்கலி) கண்ணாடியின் சிலிக்காவும் சேர்ந்து நடத்தும் வினை. கண்ணாடியில் ஏறக்குறைய 70 சதவீதம் சிலிக்கா. மணலில் இருப்பது போல ஒழுங்கான படிகமாக இல்லாததால் காரத்தில் எளிதில் கரையும். சிமெண்ட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரோ கடும் காரம். இரண்டும் சேர்ந்து உண்டாகும் பிசின், ஈரத்தை உறிஞ்சி ஊதி, இறுகிய சிமெண்ட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. தோட்டக் கல் எப்போதும் நனைவதால் அங்கே இது வேகமாக நடக்கும். விரிசல் விட்ட கல்லைப் பூசிச் சரிசெய்ய வழியில்லை.

அடுத்த முறை சாதாரணப் போர்ட்லண்ட் சிமெண்ட்டை விட்டு பிபிசி வாங்குங்கள். மூட்டையில் போர்ட்லண்ட் போசலானா, ஐஎஸ் 1489 என்று அச்சிட்டிருக்கும். அதில் 15 முதல் 35 சதவீதம் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருப்பதால் அந்தக் காரத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். வெள்ளை நிறம் கட்டாயம் வேண்டும் என்றால் வெள்ளைச் சிமெண்ட்டில் 15 சதவீதத்தை எடுத்துவிட்டு, அந்த அளவு மெட்டாகயோலின் (சுட்ட வெள்ளைக் களிமண் தூள்) சேருங்கள். அதுவும் வெள்ளையே.

கண்ணாடியை முழுக் கலவையிலும் கலக்காதீர்கள். 1 அடி சதுர அச்சில் சிமெண்ட் 1, எம்-சாண்ட் 2, பேபி ஜல்லி 3 என்ற கலவையை 2 அங்குலம் நிரப்பித் தட்டுங்கள். மேலே கண்ணாடியைத் தூவி, மரப்பலகையால் அழுத்தி மட்டத்தோடு புதைத்துவிடுங்கள். 3 அல்லது 4 மணி நேரம் கழித்து, கலவை விரலுக்கு ஒட்டாத பதத்தில் மென்மையான பிரஷ்ஷும் நீர்த்தெளிப்புமாக மேற்சிமெண்ட்டை நீக்கினால் கண்ணாடி தெரியும். சீக்கிரம் துலக்கினால் சில்லுகள் பெயர்ந்து வரும். பிபிசி மெதுவாக இறுகும், குறைந்தது 10 நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள்.

கல்லின் மேலே சிறு குமிழ்த் துளைகள் இருந்தால் அது வேறு கதை. அலுமினிய வளையத் துண்டுகள் உள்ளே போயிருக்கும். இன்னும் இறுகாத ஈரச் சிமெண்ட்டில் அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவை விடும்.

வாசலில், துளசி மாடத்தைச் சுற்றிப் போடலாமா? வீட்டில் தவழும் குழந்தை உண்டு.
வாசகி, தூத்துக்குடி

வேண்டாம். எவ்வளவு உருட்டினாலும் ஒரு சில்லு மிதிபட்டு உடைந்தால் உடைந்த முகம் புதுக் கூர்தான். செருப்பில்லாமல் நடக்கும் இடத்திலும் குழந்தை கைக்கு எட்டும் இடத்திலும் ஆற்றுக் கூழாங்கல்தான் சரி. கண்ணாடியை உயரத் தொட்டிகளிலும் சுவரோரப் பாத்திகளிலும் வையுங்கள்.

மலைப் பாதையோரம் கிடக்கும் மது பாட்டில்களைப் பொறுக்கி இதற்குப் பயன்படுத்தலாமா?
வாசகர், குன்னூர்

முழுதாக இருக்கும் டாஸ்மாக் பாட்டிலை உடைக்காதீர்கள். நீலகிரியில் 2022 முதல் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். யானையும் மற்ற விலங்குகளும் கண்ணாடி குத்திக் காயப்படுவதைத் தடுக்கவே அந்தத் திட்டம் வந்தது. மறுபடி நிரப்பக்கூடிய பாட்டிலைச் சில்லாக்குவதைவிடத் திருப்பிக் கொடுப்பதே மேல். ஏற்கெனவே உடைந்து கிடப்பதை, கையுறையும் இடுக்கியும் வைத்து எடுத்து வந்து உருட்டுங்கள். காட்டுக்கும் அது நல்லது.

மழைக்குப் பின் பாசி, வேப்ப இலை, வெள்ளைத் திட்டு எல்லாம் படிந்து கண்ணாடி இருக்கிற இடமே தெரியவில்லை. எப்படிச் சுத்தம் செய்வது?
வாசகி, நாகர்கோவில்

வேப்பிலை, புளிய இலை, வாதநாராயணன் போன்ற சிற்றிலை மரங்களின் அடியில் கண்ணாடிப் படுக்கை நிற்காது. இலை இடுக்கில் விழுந்து மக்கி மண்ணாகி, அதில் களை முளைக்கும். இடம் மாற்றுவதுதான் தீர்வு. முடியாவிட்டால் இலையுதிரும் மாதங்களில் மட்டும் மேலே பழைய நைலான் வலையை விரித்து, வாரம் ஒருமுறை இலையோடு சுருட்டி எடுத்துக் கொட்டுங்கள்.

பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் வேண்டாம், பக்கத்துச் செடி வாடும். நல்ல வெயில் நாளில் முள்வாரியால் கிளறிப் புரட்டிவிட்டால் காய்ந்து உதிரும். வெள்ளைத் திட்டு போர்த்தண்ணீரின் சுண்ணாம்பு. சில்லுகளை வாளியில் அள்ளி, ஒரு பங்கு வினிகருக்கு ஐந்து பங்கு நீர் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள். பாத்தியில் நேரடியாக ஊற்றினால் வேர் கெடும். கழிப்பறை ஆசிட் வேண்டவே வேண்டாம். இனி அந்தப் பாத்திச் செடிகளுக்கு மேலிருந்து தெளிக்காமல், துணிக்கு அடியில் சொட்டுநீர்க் குழாய் போட்டு நீர் விட்டால் திட்டு மறுபடி வருவது பெரிதும் குறையும்.