தாலாட்டுக்கு மார்க்கெட் இல்லையா, தம்பி?

கேள்வி: பாடலாசிரியராக முயன்று வருகிறேன். சூப்பர் ஹிட்டான நூறு பாடல்களை எடுத்து, எது எதைப் பற்றியது என்று பட்டியல் போட்டேன். காதலும் காதல் தோல்வியும்தான் அதிகம். அதையே எழுதுகிறேன், எதுவும் எடுபடவில்லை. ஒரு பல்லவி இணைத்திருக்கிறேன். ரெக்கார்டிங் செலவை அக்கா பார்த்துக்கொள்கிறார். நடுவில் தன் மகளுக்கு ஒரு தாலாட்டு கேட்டார், அதற்கு மார்க்கெட் இல்லை என்று சொல்லிவிட்டேன். எந்தக் கருவில் எழுதினால் ஹிட் ஆகும்?

பதில்: தம்பி, உங்கள் பட்டியலில் தோற்ற பாட்டு ஒன்றுகூட இல்லையே! யாரும் திரும்பிப் பார்க்காத நூறு பாட்டை எடுத்துப் பாருங்கள், அங்கேயும் காதல்தான் குவிந்து கிடக்கும். எல்லோரும் அதைத்தானே எழுதுகிறார்கள். ஜோனா பெர்கர், கிராண்ட் பேக்கார்ட் என்ற ஆய்வாளர்கள் 2018இல், அமெரிக்காவின் பில்போர்ட் இதழ் வெளியிடும் ஹிட் பட்டியலில் வந்த பாடல்களின் வரிகளை அலசினார்கள். தன் வகைப் பாடல்கள் வழக்கமாகப் பேசுவதை விட்டு விலகிய பாட்டுகளே பெரும்பாலும் மேலே இருந்தன. நீங்கள் போவது நேர் எதிர்த் திசையில்.

பட்டியல் போகட்டும். அந்தத் தாலாட்டு விஷயத்தை எப்படி உங்களால் ஒரே வரியில் தாண்டிப் போக முடிந்தது? உங்கள் கனவுக்குப் பணம் கட்டுகிறவர் அக்கா. அவர் பதிலுக்குக் கேட்டது நாலு வரி. அதற்கு மார்க்கெட் கணக்கு சொன்னீர்களாம். உடன்பிறந்தவர் உழைப்பில் எழுதுகிறவருக்கு, அவர் கேட்டதை மறுக்கும் உரிமை கிடையாது. இதில் நான் ஒரு அங்குலமும் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் எழுத்தின் கோளாறும் இதே இடத்தில்தான் இருக்கிறது. அதே இருவர் 2020இல் இன்னொன்றும் கண்டார்கள். ‘உன்னை’, ‘உனக்கு’ என்று ஒருவரை நோக்கிச் சொல்லும் வரிகள் கூடுதலாக உள்ள பாடல்கள் அதிகம் விரும்பப்பட்டன. பாடகர் தன்னைப் பார்த்துப் பாடுவதாகக் கேட்பவர் நினைப்பதால் அல்ல. தன் வாழ்க்கையில் இருக்கும் ஒருவர் அவருக்கு ஞாபகம் வருவதால்தான் என்கிறார்கள். உங்கள் பல்லவியில் வரிக்கு வரி ‘நீ’ வருகிறது. யார் அந்த ‘நீ’? அவள் கோபம் வந்தால் கத்துவாளா, பேசாமல் இருந்துவிடுவாளா? உங்களுக்கே தெரியாது. நிலவு, கண்ணீர், உடைந்த இதயம் என்று எங்கோ கேட்ட வார்த்தைகளை அடுக்கியிருக்கிறீர்கள். உங்களுக்கே யாரும் ஞாபகம் வராத பாட்டில் கேட்பவருக்கு யார் ஞாபகம் வருவார்கள்?

அக்கா மகள் அப்படியில்லை. எந்த விரலைச் சூப்பிக்கொண்டு தூங்குகிறாள், கதவு சாத்தும் சத்தத்துக்கு எப்படித் திடுக்கிட்டு எழுகிறாள், யார் தட்டிக்கொடுத்தால் அடங்குகிறாள் என்பதெல்லாம் நீங்கள் பார்த்திருக்க வேண்டிய விஷயங்கள். பார்க்கவில்லை என்றால், தாய்மாமனுக்கு அது அழகில்லை. இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

அந்தத் தாலாட்டு ஹிட் ஆகும் என்று நான் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது. எழுதி முதலில் அக்கா கையில் கொடுங்கள். அடுத்த ரெக்கார்டிங்குக்குப் பணம் கேட்பதெல்லாம் அப்புறம்.