ஒதெல்லோவை மீட்டல்: கேள்விகளும் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உயர்தரத்துக்கு ஆங்கில இலக்கியம் கற்கும் பிள்ளைகள் சிலர், ஷேக்ஸ்பியரின் "ஒதெல்லோ" நாடகத்தைப் பரீட்சைக்கு எவ்வாறு மீட்டுவது என்று கேட்டிருந்தார்கள். நெடுங்காலம் இப்பாடத்தைக் கற்பித்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

களுவாஞ்சிகுடி மாணவி: ரீச்சர், ஒதெல்லோ, இயாகோ, தெஸ்திமோனா மூவரின் பாத்திரப் பண்புகளையும் கட்டுரைகளாக எழுதி மனனம் செய்துவிட்டேன். ஆனாலும் புள்ளி ஏறவில்லையே?

மகள், மனனம் செய்த கட்டுரை எந்த வினாவுக்கும் ஒரே விடையாகவே வந்து நிற்கும். பாத்திரங்களைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை உரத்து வாசியுங்கள். காட்சி தொடங்கும்போது மனைவி தெஸ்திமோனாவை முழுமையாக நம்புகின்ற தளபதி ஒதெல்லோ, அது முடியும்போது அவளுக்கும் தன் துணைத் தளபதி காசியோவுக்கும் கள்ள உறவு என்று நம்பி, அவளைக் கொல்லத் துணிந்து, காசியோவின் பதவியைத் தன்னை ஏமாற்றும் கீழ் அதிகாரி இயாகோவுக்குக் கொடுத்துவிடுகிறான். இவ்வளவு பெரிய மாற்றத்தை இயாகோ எதைக்கொண்டு தொடக்கினான் என்று பாருங்கள். காசியோ நேர்மையானவனல்லவா என்று ஒதெல்லோ கேட்க, "நேர்மையா, பிரபுவே?" என்கிறான், என்ன நினைக்கிறாய் என்று கேட்க, "நினைப்பதா, பிரபுவே?" என்கிறான். இவன் என் சொல்லையே எதிரொலிக்கிறான் என்று ஒதெல்லோ சினந்தாலும், சொல்லப்படாத அந்த இடத்தைத் தன் கற்பனையால் நிரப்பத் தொடங்கிவிடுகிறான். பின்னர், தெஸ்திமோனா தன் தந்தையை ஏமாற்றியவள் என்று இயாகோ நினைவூட்டுகிறான். அது புதிய குற்றச்சாட்டன்று. முதலாம் அங்கத்தில் தந்தை பிரபான்சியோ ஒதெல்லோவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போன எச்சரிக்கை. இந்த இரண்டு இடங்களையும் இணைத்து நீங்கள் எழுதும் ஒரு பந்தி, "ஒதெல்லோ பொறாமை கொண்டவன்" என்று தொடங்கும் மூன்று பக்கங்களைவிடப் பெறுமதியானது.

அக்கரைப்பற்று மாணவன்: தெஸ்திமோனா தவறவிடும் கைலேஞ்சியை எல்லோரும் "குறியீடு" என்றே எழுதுகிறார்கள். வேறு என்ன எழுதலாம்?

ஸ்ரோபெரிப் பழங்கள் பின்னப்பட்ட அந்தத் துணி கைமாறும் வழியை ஒரு தாளில் வரையுங்கள், தம்பி. அது ஒதெல்லோவின் முதற் பரிசு. தலைவலி என்று சொன்ன கணவனின் நெற்றியில் கட்ட தெஸ்திமோனா அதை எடுக்கும்போதுதான், அதாவது அவள் அன்பு காட்டுகின்ற அதே கணத்தில், அது தவறி விழுகிறது. இயாகோவின் மனைவி எமிலியா எடுத்து அவனிடம் கொடுக்க, அவன் காசியோவின் அறையில் போட, காசியோ அதன் வேலைப்பாட்டைப் பார்த்துப் பின்னித் தருமாறு தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாம் அங்கத்தில், எகிப்தியப் பெண்ணொருத்தி தன் தாய்க்குக் கொடுத்த மந்திரத் துணி அது என்கிறான் ஒதெல்லோ. ஐந்தாம் அங்கத்திலோ, தன் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். முதற் கதை மனைவியை அச்சுறுத்தச் சொன்னது என்பது என் எண்ணம். நீங்கள் மாறாகவும் வாதிடலாம், காரணம் காட்டினால் போதும்.

கல்முனை மாணவி: எத்தனை மேற்கோள்களைப் பாடமாக்க வேண்டும்?

நீண்ட வரிகள் வேண்டாம். நான்கைந்து சொற்கள் கொண்ட சிறு துண்டுகளைப் பிழையின்றிப் பாடமாக்கி, அச்சொல் ஏன் அங்கே வந்தது என்று அடுத்த வாக்கியத்திலேயே விளக்குங்கள்.

வாழைச்சேனை மாணவன்: தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவது பிழையா, ரீச்சர்?

ஒருபோதும் இல்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926இல் வெளிவந்த "மதங்க சூளாமணி" நூலில், ஷேக்ஸ்பியரின் 12 நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தின் துணையோடு ஆராய்ந்தார். முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்னும் ஐந்து சந்திகளையும், அதாவது நாடகக் கதை வளரும் ஐந்து கட்டங்களையும், நம் உரையாசிரியர்கள் விதைப்பு முதல் அறுவடை வரையான வேளாண்மையைக் கொண்டே விளக்கியிருக்கிறார்கள். முதலாம் அங்கத்தின் இறுதியில் தனித்து நின்று பேசும் இயாகோ விதைக்கிறான். மூன்றாம் அங்கத்தில் அது குடலைக்குள் இருக்கும் கதிர்போல மறைந்து திரள்கிறது. ஐந்தாம் அங்கத்தில் எல்லோரும் அதன் விளைச்சலை அனுபவிக்கிறார்கள். இப்படி நினைத்தால் கதையின் ஒழுங்கு மறக்காது. ஆனால் விடைத்தாளில் தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், கருத்தை மட்டும் எடுத்துக்கொண்டு சிறிய ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள்.

ஆரையம்பதித் தாய்: எனக்கு ஆங்கிலம் தெரியாது. மகளுக்கு நான் எவ்வாறு உதவலாம்?

நீங்கள் நிறையவே உதவலாம், தங்கச்சி. நீங்கள் சமைக்கும்போது மகளை அருகில் இருத்தி, ஒரு நாளைக்கு ஓர் அங்கம் வீதம் தமிழில் கதை சொல்லச் சொல்லுங்கள். அவள் தடுமாறும் இடமே மீண்டும் படிக்கவேண்டிய இடம். இடையிடையே, "ஏன் அப்படிச் செய்தான்?" என்று மட்டும் கேளுங்கள். மூன்றாம் அங்கத்துக்கு வரும்போது, கணவன் கேட்டான் என்பதற்காக எமிலியா அந்தக் கைலேஞ்சியைக் கொடுத்தது சரியா என்றும், தெஸ்திமோனா அதைத் தேடித் தவித்தபோது எமிலியா ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றும் கேட்டு, உங்கள் மனதில் பட்டதையும் அவளுக்குச் சொல்லுங்கள்.